மூவாயிரம் வாட்டும் ஒரு ஃபியூஸும்

கார்ல சப்வூஃபர் வைக்க ஆசைப்படுற எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "எத்தனை வாட்?" ஆம்ப்ளிஃபயர் டப்பாமேல கொட்டை எழுத்துல போட்டிருக்கிற எண்தான் அதுக்குப் பதில்னு நாமளும் நம்பிடுறோம். அதே ஆம்ப்போட பக்கவாட்டுல செருகியிருக்கிற குட்டி ஃபியூஸ்லயும் ஒரு எண் இருக்கும். யாரும் அதைப் பார்க்கிறதில்ல. உண்மையைச் சொல்ற எண் அதுதான். எங்க மாமா வண்டிக்கு ஆம்ப் வாங்கி வயர் இழுத்த கதையோட சேர்த்து, அந்தக் கணக்கையும் சொல்லிடுறேன்.

மாமா மணவாளக்குறிச்சியில டாக்ஸி ஓட்டுறார். டிசையர், தவணை இன்னும் முடியல. வளைகுடாவுக்குப் போறவங்களையும் வர்றவங்களையும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கும் வீட்டுக்குமா கொண்டு விடுறதுதான் முக்கியமான ஓட்டம். இருபது வருஷத்துக்கு முன்னாடி அவர் மைக் செட் வச்சிருந்தவர். கொடைக்கும் கல்யாணத்துக்கும் தென்னை மரத்துல குழாய் கட்டினவர். கூம்புக் குழாய்க்குக் கெடுபிடி வந்ததும் அதை விட்டுட்டு வண்டிக்கு வந்துட்டார். ஆனா காது மட்டும் இன்னும் மைக் செட் காதுதான். "வில்லுப்பாட்டுல குடம் அடிச்சா நெஞ்சுல விழணும் மக்களே. இந்த செட்டுல தகர டப்பாவத் தட்டுன மாதிரி கேக்கு. நீ கரண்டுக்குத்தானே படிக்க? வந்து பாத்துச் சொல்லு"ன்னார்.

நாலு வருஷம் எலக்ட்ரிக்கல் படிச்சாச்சு, வேலை சாஃப்ட்வேர் கம்பெனியில கிடைச்சிருக்கு. படிச்சதை வச்சு என் வீட்டு ஆள் ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதனால கொஞ்சம் சிரத்தையாவே போனேன்.

முதல்ல, ஆம்ப் எதுக்கு? மாமா வண்டியில இருக்கிற ஸ்டீரியோ டப்பாவுல "50 வாட் × 4"னு போட்டிருக்கு. வண்டி ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள்ள இருக்கிற சிப்பால அதுக்கு மேல வோல்ட்டைத் தூக்க முடியாது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 14.4 வோல்ட் உச்சம் இருக்கிற சுத்தமான சைன் அலையைக் கொடுத்தா கிடைக்கிறது கிட்டத்தட்ட 26 வாட். நடைமுறையில அதைவிடவும் குறையும். அலையோட தலையை வெட்டி சதுரமாக்கினா மட்டும்தான் 50 வரும், அப்போ வர்றது பாட்டு இல்ல, இரைச்சல். தனி ஆம்ப்புக்குள்ள ஒரு ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை இருக்கும். அது 12 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கிறதாலதான் பாஸ்ஸுக்குத் தேவையான பலம் கிடைக்குது.

நாகர்கோவில்ல ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்து வச்ச ஆம்ப்ல "3000 வாட்". திருப்பிப் பார்த்தேன், ஒரே ஒரு 25 ஆம்பியர் ஃபியூஸ். 25-ஐ 14.4-ஆல பெருக்கினா 360. ஆம்ப்புக்குள்ள தொடர்ந்து போகக்கூடிய மொத்த மின்சாரமே தோராயமா 360 வாட்தான். அது கிளாஸ் ஏபி வகை, போறதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் சத்தமா வெளியே வரும், மீதி சூடு. ஆக 200 வாட் சொச்சம். மூவாயிரம் எங்கிருந்து வரும்?

நான் இதை மாமாகிட்ட மெதுவா சொல்றதுக்குள்ள அவரே முந்திட்டார். "அறுவது வாட் ஆம்ப வச்சு ஒரு ஊரையே எழுப்பியிருக்கேன், கேட்டியா. டிக்கிக்குள்ள மூவாயிரம் எதுக்குடே?" அவர் சொன்னது அனுபவம் மட்டும் இல்ல, கணக்கும் அதுதான். கூம்புக் குழாய் ஒரு வாட்டுக்கே 100 டெசிபலைத் தாண்டும், சப்வூஃபர் அந்த அளவுக்குப் பக்கத்துல வராது. அதோட, வாட்டை இரட்டிப்பாக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு சத்தம் ரெண்டு மடங்குன்னு தோணணும்னா வாட் பத்து மடங்கு வேணும். 250-க்கும் 300-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் யார் காதுலயும் விழாது.

அதனால டப்பாமேல தேட வேண்டியது "ஆர்எம்எஸ்" எண். சிடிஏ-2006-ன்னு ஒரு தரநிலை இருக்கு. 14.4 வோல்ட்ல, 1 சதவீதத்துக்குள்ள இரைச்சலும் சிதைவும் வச்சு அளந்த வாட் அது. அந்தக் குறி இருந்தா எண்ணை நம்பலாம். இல்லன்னா ஃபியூஸ் கணக்கைப் போட்டுப் பாருங்க.

கடைசியா எடுத்தது 10 அங்குல வூஃபர், 250 வாட் ஆர்எம்எஸ், ரெண்டு காயில், ஒவ்வொண்ணும் 4 ஓம். ரெண்டையும் பாரலலா சேர்த்தா 2 ஓம், சீரீஸா சேர்த்தா 8 ஓம். இதை மாமாவுக்கு எப்படித் தமிழ்ல விளக்குறதுன்னு இங்கிலீஷ் மீடியம் மூளையைக் கசக்கிட்டு இருந்தேன். "ரெண்டு யூனிட்ட பாரலல் போட்டா லோடு பாதியாவும், அதானே"ன்னு அவரே முடிச்சிட்டார். ஆம்ப் கிளாஸ் டி மோனோ, 2 ஓம்ல 300 வாட். 80 சதவீதம் திறன்னு வச்சாலும் உச்சத்துல 26 ஆம்பியர்தான் இழுக்கும், அதுல இருந்த ஃபியூஸ் 30. கணக்கு ஒத்துப்போச்சு. பாட்டு எப்பவும் உச்சத்துலயே நிக்காது, அதனால ஆல்டர்னேட்டருக்கும் பெரிய பாரம் இல்ல.

பெட்டி மூடின வகை, உள்ளே 20 லிட்டர் அளவு. ஓட்டை வச்ச பெட்டி இன்னும் அதிரும், ஆனா இடம் கூடுதலா வேணும், ஏர்போர்ட் ஓட்டத்துக்கு டிக்கியில சூட்கேஸ் நுழையணும். இன்னொரு காரணம் எங்க ஊர் மணல். சின்ன வயசுல உடைஞ்ச ஸ்பீக்கர் காந்தத்தைக் கயித்துல கட்டி கடற்கரையில இழுப்போம், கருமணல் மீசை மாதிரி ஒட்டிட்டு வரும். இல்மனைட் கலந்த மணல் அது. 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூர்ல இருந்து போன கயிறுல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட்டைக் கண்டுபிடிச்ச பிறகுதான் மணவாளக்குறிச்சிக்கு மணல் ஆலையே வந்தது. அந்த மோனசைட்லதான் நியோடிமியமும் இருக்கு, எடை குறைஞ்ச ஸ்பீக்கர்கள்ல வர்ற வலுவான காந்தத்துக்கு வேண்டிய உலோகம். அதனால வூஃபரைக் கையில தூக்கிப் பார்த்து "கனமா இருக்கு, நல்ல சாமான்"னு முடிவு பண்ண முடியாது. எப்படியோ, மூடின பெட்டியில காந்தம் உள்ளே இருந்துடும். பயணிகள் செருப்போட வர்ற மணல் காயில் இடுக்குக்குள்ள போகாது.

இனிமேதான் முக்கியமான விஷயம், வயர்.

கடைக்காரர் வச்சிருந்த வயரிங் கிட்ல ஒரு இழையை பிளேடால சுரண்டினேன். உள்ளே வெள்ளை. செம்பு பூசின அலுமினியம். அதே தடிமன்ல செம்பை விட ஒண்ணரை மடங்கு மின்தடை, அதுக்கு மேல உப்புக் காத்துல முனை சீக்கிரம் பொரிஞ்சு போகும். அதை விட்டுட்டு எலக்ட்ரிக்கல் கடையில 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃபிளெக்ஸிபிள் வயர் 5 மீட்டர் வாங்கினோம். 30 ஆம்பியர் ஓடினாலும் கால் வோல்ட்தான் நஷ்டம்.

அடுத்து, பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் எங்கன்னு கேட்டேன். "ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கே தம்பி. எத்தனையோ வண்டிக்குப் போட்டாச்சு, ஒண்ணும் ஆகல"ன்னார் கடைக்காரர். மாமாவும் கொஞ்சம் யோசிச்சார், நேரம் ஆகுதேன்னு.

படம் போட்டுக் காட்டினேன். பேட்டரி முன்னால, ஆம்ப் டிக்கியில. நடுவுல 5 மீட்டர் வயர், கதவோரமா, பின் சீட்டுக்கு அடியில போகுது. சாவியை எடுத்தாலும் அதுல கரண்ட் இருந்துகிட்டே இருக்கும். வழியில எங்கயாவது தகரம் உரசி உறை கிழிஞ்சு பாடியைத் தொட்டா, ஆம்ப் வரைக்கும் கரண்ட் போகவே போகாது. ஆம்ப் ஃபியூஸுக்கு விஷயமே தெரியாது. பேட்டரியில இருந்து சில நூறு ஆம்பியர் கொட்டும். 500-ன்னு வச்சாலே அந்த வயர்ல 2 கிலோவாட்டுக்கு மேல சூடு. பாத்ரூம் கீசர் ஒண்ணு சீட்டுக்கு அடியில எரியுற மாதிரி. அந்த சீட்டுல, ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு வர்ற அப்பாவைக் கூப்பிடப் போற பிள்ளைங்க தூங்கிட்டு இருக்கும்.

மாமா பேசல. "பேட்டரிகிட்டயே போடச் சொல்லு"ன்னு மட்டும் சொன்னார். ஃபியூஸும் ஹோல்டரும் ரெண்டு பிரியாணி காசு. பேட்டரி முனையில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டோம். ஆம்ப்போட 30-க்கு மேல, வயர் தாங்குறதுக்குக் கீழ. ஆம்ப்ல இருக்கிறது ஆம்ப்பைக் காக்க, இது வயரைக் காக்க. இன்ஜின் பக்கத் தகரத்தைத் தாண்டுற இடத்துல ரப்பர் வளையம் போட்டோம், கூர்மையான ஓரம் உறையைக் கிழிக்காம இருக்க.

மீதியைச் சுருக்கமா சொல்றேன். எர்த் வயர் நீளம் அரை மீட்டருக்குள்ள இருக்கணும், தடிமனும் அதே அளவு. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்துல போல்ட் போட்டு இறுக்கிட்டு, அதுமேல கிரீஸ் தடவணும். கடலோர ஊர்ல இதை விட்டா ஒரே மழைக்காலத்துல துரு ஏறிடும். ரிமோட் வயரை ஸ்டீரியோவுல இருந்துதான் எடுக்கணும், இல்லன்னா ஆம்ப் ராத்திரி முழுக்க விழிச்சிருந்து பேட்டரியைக் குடிச்சிடும். ஆர்சிஏ வயரை பவர் வயருக்கு எதிர்ப்பக்கமா இழுங்க, இன்ஜின் கூடவே சேர்ந்து ஸ்பீக்கரும் "ஙொய்"னு பாடாம இருக்கும்.

கெயின் திருகாணி வால்யூம் இல்ல. வூஃபரைக் கழட்டிட்டு, பாஸ் பூஸ்ட்டை அணைச்சு, ஸ்டீரியோவை முக்கால் சத்தத்துல வச்சு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட விடுங்க. வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா எத்தனை வோல்ட் வரணும்னு தெரியும். எங்களுக்கு 250-ஐ 2-ஆல பெருக்கினா 500, அதோட மூலம் 22.4. ஏசி வோல்ட்ல வச்ச மல்டிமீட்டர் அந்த எண்ணைத் தொடும்போது திருகாணியை நிறுத்தணும். ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ்.

மாமா முதல்ல போட்டது வில்லுப்பாட்டுதான். குடம் விழுந்தது, டிக்கி கதவு அதிரல. "கொள்ளாம்"னார், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்க எர்த் போல்ட்டைத் திருகிப் பார்க்கிறது அவர் வேலைன்னு அவரே எடுத்துகிட்டார்.

உங்க வீட்டு வண்டிக்கும் போடுறதா இருந்தா, என் மல்டிமீட்டர் ஹாஸ்டல் ரூம்ல சும்மாதான் இருக்கு, வந்து எடுத்துக்கலாம். பேட்டரி மட்டும் நீங்களே வாங்கிப் போட்டுக்கணும்.