ஆறு கணக்குகளின் கூட்டல்

எங்கள் மதுரை வீட்டு மொட்டைமாடியில் சூரிய மின் தகடுகள் பொருத்துவது என்று முடிவானபின், எத்தனை கிலோவாட் என்ற கேள்வியில் இரண்டு வாரம் நின்றுவிட்டோம்.

இடம் பார்க்க வந்த இளைஞர் மின் கட்டண அட்டையைக் கேட்டார். கோடைக் கணக்கில் 880 யூனிட் என்றிருந்ததைச் சுட்டி, "நாலு கிலோவாட் போட்டுடுங்க சார், கவலையே இருக்காது" என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 880 என்றால் நாளுக்கு ஏறக்குறைய 15.

அவர் போனபின் மற்ற ஐந்து கணக்குகளையும் கூட்டினோம்: 310, 340, 420, 330, 300. ஆண்டு முழுமைக்கும் 2,580 யூனிட், நாளுக்கு ஏழுதான். பகலில் மிஞ்சுவதை மின்வாரியத்துக்கு அனுப்பி, இரவில் எடுப்பதில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கையில், உச்ச மாதத்துக்கு அளந்து வாங்க வேண்டியதில்லை. 2 கிலோவாட் போதும். 2024-இல் மத்திய அரசு அறிவித்த மானியமும் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றுக்கு 78,000. அதற்குமேல் எவ்வளவு பெரிதானாலும் அதே தொகைதான். பெரிதாகப் போட்டால் மின்வெட்டுக்கு உதவுமே என்றும் எண்ணினோம். மின்கலம் இல்லாத அமைப்பு, கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக, மின்வெட்டின்போது தானும் நின்றுவிடுமாம்.

இவ்வளவு தெளிந்த பிறகும் எங்களில் ஒருவர் நான்கு என்றார். மற்றவர் இரண்டு என்றார்.

அந்த 880, பிள்ளைகள் இருவரும் குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கியபோது ஆனது. மாடி அறைகள் இரண்டிலும் இரவெல்லாம் ஏ.சி. ஓடியது. அவர்கள் போனபின் அறைகளைப் பூட்டினோம். ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் அறைகள் அவை என்பதை நாங்கள் இதுவரை வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. விண்ணப்பத்தில் 2 என்று நிரப்பினால் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று படித்தபோது, எங்கள் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

கடைசியில் இடம்தான் தீர்த்துவைத்தது. கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வீதம் நான்குக்கு நானூறு போனால், வடகம் காயப்போட நிழல் விழாத மூலை மிஞ்சாது. 540 வாட் தகடுகள் நான்கு வாங்கினோம். வாங்க எண்ணும் நண்பர்கள் ஆறு கணக்கையும் கூட்டிப் பார்க்க வேண்டுகிறோம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை அட்டை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

இன்வர்ட்டரை மட்டும் 3 கிலோவாட்டுக்கு வாங்கியிருக்கிறோம். பின்னால் இரண்டு தகடுகள் சேர்த்துக்கொள்ளலாமாம். எதற்கு என்று அந்த இளைஞர் கேட்கவில்லை.