நானூறு வெள்ளி

சனிக்கிழமை காலை பொட்டலம் வந்தது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்வரை அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னடா அது?"

"கைக்கடிகாரம்பா. ஜப்பான்லேருந்து."

"எவ்வளவு?"

"நானூறு வெள்ளி."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் அதுதான் வந்தது. கடிகாரம், அனுப்பும் செலவு, வரி எல்லாம் சேர்த்து 16,000 ரிங்கிட் ஆகியிருந்தது. என் நான்கு மாதச் சம்பளம்.

எல்லாம் யென்னால் வந்த வினை. 2024 ஜூலையில் ஒரு அமெரிக்க டாலருக்கு 161 யென் என்ற அளவுக்கு அது சரிந்தது; 1986க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. நம் கணக்கில் 100 யென் 3 ரிங்கிட்டுக்கும் குறைவு. அந்த வாரங்களில் தூங்கப்போகும்முன் ஜப்பானில் பழைய கடிகாரம் விற்பவர்களின் பட்டியல்களைப் பார்ப்பதே எனக்கு வேலை. தேடியது கிராண்ட் சீக்கோவின் எஸ்பிஜிஏ211. ரசிகர்கள் 'ஸ்னோஃப்ளேக்' என்பார்கள். முகப்பு பனி படிந்த தரைபோல வெள்ளையாக, லேசான சொரசொரப்போடு இருக்கும். விநாடி முள் மட்டும் நீலம்.

அந்த விற்பனையாளர்களிடம் எனக்குப் பிடித்தது அவர்கள் குறை எழுதும் விதம். இங்கே பழைய பொருள் விற்பவர் 'கண்டிஷன் டிப் டாப்' என்று முடித்துக்கொள்வார். நான் வாங்கிய ஆளோ ஏழு மணிப் பக்கம் மயிரிழைக் கீறல் ஒன்று, கொக்கியில் தேய்மானம் என்று ஒவ்வொன்றுக்கும் படம் போட்டிருந்தார். அதுவே நம்பிக்கை தந்தது. இருந்தாலும் பின்மூடியின் தொடர் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். சீக்கோவில் அந்த எண்ணின் முதல் இலக்கம், தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம்; அடுத்தது மாதம். உத்தரவாத அட்டையின் தேதியோடு ஒத்துப்போனது. பணத்தை அனுப்பிவிட்டு ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்குள் ஓடுவது ஸ்பிரிங் டிரைவ். சாவி கொடுத்த கடிகாரம்போலச் சுருள் விரியும் விசையில்தான் ஓடுகிறது, பாட்டரி கிடையாது. அந்த விசையிலேயே ஒரு சக்கரம் விநாடிக்கு 8 முறை சுற்றித் துளி மின்சாரம் உண்டாக்குகிறது. அதில் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்துக் கணக்கு வைக்க, சக்கரம் வேகமெடுத்தால் காந்தவிசை மெல்லப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் விநாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டே போகும். மாதத்துக்கு 15 விநாடிக்குள்தான் பிசகும். யோஷிகாஸு அகஹானே என்ற எஞ்சினியர் 1977இல் இதை யோசித்தார். 1999இல் கடிகாரம் விற்பனைக்கு வந்தபோது அவர் இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். சுங்கை சோவில் இருக்கும் பெரோடுவா ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் இடத்தில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்காக நாள் முழுக்கச் சண்டை போடுகிறவன் நான். எனக்கு இந்தக் கதை போதும். அப்பாவிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவர் தோட்டத்தில் பிறந்தவர். பெரட்டுக்கு விடியாத இருட்டில் தண்டவாளத் துண்டை அடிப்பார்களாம். பிந்தினால் அன்றைக்குப் பேர் விழாது. பிந்தியதா இல்லையா என்று சொல்வது கிராணியின் கைக்கடிகாரம். அது சீக்கோ ஃபைவ் என்று அப்பா இன்னமும் சொல்வார். பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லையாம், சத்தம் மட்டும் கேட்டிருக்கிறாராம்.

என்னுடையதை வாங்கிக் காதில் வைத்தார்.

"ஓடலயேடா."

"ஓடுதுப்பா. முள்ளப் பாருங்க."

"சத்தமே காணோம். லேசா வேற இருக்கு. தகரமா?"

டைட்டானியம். நான் ஒன்றும் சொல்லவில்லை. "நானூறுக்கு இவ்ளோதான் கிடைக்கும், போ" என்று அவரே என்னைத் தேற்றினார்.

அடுத்த வாரம் எட்டு ஐம்பது வெள்ளித் தாள்களை என் முன்னால் வைத்தார். "சித்தப்பாவுக்கும் ஒன்னு வாங்கிக் கொடு. ஜாகா வேலைல போன எடுக்க வுடமாட்றாங்களாம். மணி பாக்க முடியலன்னு பொலம்புறான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாள்களை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

நானூறுக்குள் வெளிநாட்டுக் கடை ஒன்றில் கிடைத்தது சீக்கோ ஃபைவ்தான். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருள்களுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு வரி. அதை என் கையிலிருந்து போட்டேன். பொட்டலத்தைப் பிரித்துப் பின்மூடியைப் பார்த்தால், இயந்திரம் மலேசியா, கூட்டியது சீனா என்று பொறித்திருக்கிறது. இங்கே யாரோ ஒரு அக்கா கோத்த இயந்திரம் சீனா போய்க் கூடு ஏறி, எங்கேயோ ஒரு கடையில் கிடந்து, கூரியரில் வீடு திரும்பியிருக்கிறது.

சித்தப்பா கட்டிப் பார்த்தார். அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவே இல்லை.

"இது கடிகாரம். டிக் டிக்குனு எப்படிக் கேக்குது பாரு."

பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"உன்ன நல்லா ஏமாத்திட்டான்டா அந்த ஜப்பான்காரன்."