வலையை அறுக்கும் கை

1975 ஜூன் 27. கலிஃபோர்னியாவுக்கு அப்பால், கரை கண்ணில் படாத கடல். சோவியத் ஒன்றியத்தின் 'தால்னி வோஸ்தோக்' என்ற திமிங்கலவேட்டைத் தாய்க்கப்பல் அங்கே நின்றது. அதன் வேட்டைக் கப்பல்கள் ஸ்பெர்ம் திமிங்கலக் கூட்டம் ஒன்றை விரட்டிக்கொண்டிருந்தன. விரட்டும் கப்பலுக்கும் ஓடும் திமிங்கலங்களுக்கும் நடுவே காற்றடைத்த சின்ன ரப்பர் படகு ஒன்று புகுந்தது. மனிதர்கள் குறுக்கே நின்றால் சுட மாட்டார்கள் என்று நம்பித்தான் அதில் இருந்தவர்கள் வந்திருந்தார்கள். சுட்டார்கள். தலைக்கு மேலே விர்ரென்று பறந்த ஈட்டி, பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த திமிங்கலத்தின் முதுகில் இறங்கியது. ஈட்டியோடு பிணைத்த எஃகு வடம் படகிலிருந்து சில அடி தள்ளித் தண்ணீரை அறைந்தது.

அந்தத் திமிங்கலத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சில நாட்களில் அந்தக் காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய கிரீன்பீஸ் அமைப்பின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது அதன் பிறகுதான்.

அந்தப் பயணத்தில் போனவர்களில் ராபர்ட் ஹண்டர் வாங்கூவர் நகரத்துப் பத்திரிகையாளர். பால் வாட்சன் பின்னாளில் தனியே பிரிந்து 'சீ ஷெப்பர்ட்' அமைப்பைத் தொடங்கியவர். இவர்களைத் திமிங்கலத்தின் பக்கம் திருப்பியவர் பால் ஸ்பாங் என்ற விஞ்ஞானி. வேட்டைக் கப்பல்கள் எந்த மாதத்தில் எந்தக் கடலில் திரியும் என்று தெரிந்துகொள்ள அவர் நார்வேவுக்கே போய், திமிங்கலவேட்டைப் புள்ளிவிவர அலுவலகத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டிவிட்டு வந்தார். பசிபிக்கில் ஒரு கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு அந்தக் குறிப்புகள்தான் துணை. துணிச்சலுக்குப் பின்னால் இருக்கும் இந்த மாதிரிக் காகித வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

பணம் தந்தவர்களும் கண்ணில் படுவதில்லை. கிரீன்பீஸின் முதல் கடற்பயணத்துக்கான செலவில் பெரும்பங்கு, 1970இல் வாங்கூவரில் ஜோனி மிட்செல் முதலானோர் பாடிய ஒரு கச்சேரியின் வசூல். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் நடுக்கடலைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் காசு கடலுக்குப் போனது.

அதே 1970இல்தான் ரோஜர் பெய்ன் என்ற உயிரியலாளர் கூன்முதுகுத் திமிங்கலங்களின் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். பெர்முடாவுக்கு அருகே அமெரிக்கக் கடற்படைக்காக நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளரின் பதிவும் அதில் இடம்பெற்றது. கேட்டவர்கள் உறைந்து போனார்கள். திமிங்கலம் என்றால் எண்ணெய், சோப்பு, கால்நடைத் தீவனம் என்று நினைத்திருந்த உலகத்துக்கு, அது ஒரே பாட்டை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பாடும் உயிர் என்று அப்போதுதான் உறைத்தது. 1979 ஜனவரியில் நேஷனல் ஜியோகிராபிக் பத்திரிகை அந்தப் பாட்டை மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் பதித்து இதழோடு சேர்த்து அனுப்பியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள்.

பாட்டும் படமும் சேர்ந்து செய்த வேலை மாநாட்டு அறைக்குள் வாக்காக மாறியது. 1979இல் சீஷெல்ஸ் முன்வைத்த யோசனையை ஏற்று, சர்வதேசத் திமிங்கல ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலங்களின் சரணாலயமாக அறிவித்தது. சுண்டைக்காய் அளவுத் தீவு நாடு, நம் கடலுக்குச் செய்த பெரிய காரியம் இது. பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய செய்தி. 1982இல் வணிக வேட்டையை நிறுத்திவைக்கும் தீர்மானம் 25க்கு 7 என்ற வாக்கில் நிறைவேறியது. ஆதரித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1985–86 வேட்டைப் பருவம் முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டிருக்கின்றன. பிரேசிலுக்கு அப்பால் உள்ள கடலில் வாழும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஒரு கட்டத்தில் 450 அளவுக்குச் சுருங்கிப்போயின. 2019இல் வெளியான ஆய்வின்படி அவை 25,000 வரை பெருகிவிட்டன. வேட்டையை நிறுத்தினால் கடல் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடக் கண்கண்ட சாட்சி வேண்டியதில்லை. ஜப்பான் 2019இல் ஆணையத்திலிருந்து விலகித் தன் கடலில் வேட்டையைத் தொடர்கிறது. நார்வே சில வருடம் நிறுத்திவைத்து, 1993இல் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியது. ஜப்பான் பிறப்பித்த பிடியாணையின் பேரில் பால் வாட்சன் 2024 ஜூலையில் கிரீன்லாந்தில் கைதாகி, டிசம்பர் வரை சிறையில் இருந்தார். ஜப்பானிடம் ஒப்படைக்க டென்மார்க் மறுத்த பிறகே விடுதலையானார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

கப்பலுக்குக் குறுக்கே படகை விடும் இந்த வழிமுறை எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு வடக்கின் பனிவெளியில் கசப்பான விடை கிடைத்தது. அதே காலகட்டத்தில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பகுதியில் கடல்நாய்க் குட்டிகளைத் தடியால் அடித்துக் கொல்வதற்கு எதிராகவும் இயக்கம் கிளம்பியது. பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ 1977இல் பனியில் வெள்ளைக் குட்டியோடு எடுத்துக்கொண்ட படம் உலகைச் சுற்றியது. 1983இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் குட்டித் தோல் இறக்குமதிக்குத் தடை போட்டது. இன்யூட் பழங்குடி மக்கள் வேட்டையாடியது அந்தக் குட்டிகளை அல்ல. உணவுக்காக அவர்கள் பிடித்தது வேறு இனத்தின் வளர்ந்த கடல்நாய்களை. மிஞ்சிய தோலை விற்றுத்தான் தோட்டாவும் எரிபொருளும் வாங்கினார்கள். ஆனால் ஐரோப்பியக் கடைக்காரருக்குக் கடல்நாய்த் தோல் என்றாலே பாவம் என்றாகிவிட்டது. சந்தை படுத்தது, இன்யூட் குடும்பங்களில் அடுப்பு அணைந்தது. 2014இல் கிரீன்பீஸின் கனடா கிளை அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. கேட்டது பெருமைக்குரியது. முப்பது வருடம் தாமதம் என்பதும் உண்மை. நல்ல நோக்கத்தோடு காசோலை அனுப்பிய லட்சக்கணக்கானவர்களுக்கு, தாங்கள் யாருடைய வயிற்றில் அடிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஓர் இயக்கத்துக்குக் கைகொடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. ஈட்டி யார் கையில்? வலை யார் கையில்? ஒரு வல்லரசின் கப்பலோடு மோதுவதும், கடனில் வலை வாங்கிய மீனவரோடு மோதுவதும் ஒன்றல்ல.

குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டார்கள். வேராவல், சூத்ரபாடா, தாம்லேஜ் ஊர்க்காரர்கள் திமிங்கலச் சுறாவை 'பேரல்' என்றுதான் சொல்வார்கள். கொக்கியில் மாட்டிய பிறகு அது ஆழத்துக்குப் போகாதபடி கயிற்றில் காலி பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, களைத்ததும் கரைக்கு இழுத்து வருவார்கள். அதனால் வந்த பெயர். உலகின் மிகப் பெரிய மீன் இது. பெயரில் திமிங்கலம் இருந்தாலும் சுறா இனம்தான். நாற்பது அடி வரைகூட வளரும். வாயைத் திறந்துகொண்டு மிதவையுயிர்களை வடிகட்டித் தின்னும் பரம சாது. அதன் ஈரலை உருக்கிய எண்ணெய், மரப்படகில் தண்ணீர் ஊறாமல் இருக்கப் பூசுவதற்கு. 1990களில் வெளிநாட்டுச் சந்தைக்கு இறைச்சியும் போகத் தொடங்கியதும் வேட்டை எகிறியது. ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கில் அறுத்தார்கள்.

மைக் பாண்டே எடுத்த 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்ற ஆவணப்படம் இதை 2000இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2001 மே மாதம் மத்திய அரசு திமிங்கலச் சுறாவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அந்த இடம் கிடைத்த முதல் மீன் அதுதான். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. ஆனால் சட்டம் தில்லியில், மீன் அரபிக்கடலில். வலையில் தானாக வந்து சிக்கினாலும் குற்றமாகுமே என்ற பயம்தான் மீனவருக்கு மிச்சம்.

2004இல் இந்திய வனவுயிர் அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் மூன்றும் சேர்ந்து பிரசாரத்தைத் தொடங்கின. முகமாக அவர்கள் தேடிப்பிடித்தது ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபுவை. அந்தக் கரையில் அவர் சொல்லுக்கு அப்படியொரு மதிப்பு. அவர் மீனவர்களிடம் அட்டவணையைப் பற்றியோ அபராதத்தைப் பற்றியோ பேசவில்லை. இந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு தேடி வரும் மகள். வந்த மகளை யாராவது வெட்டுவார்களா என்று கேட்டார். 'வ்ஹாலி', அருமை மகள், என்று பெயர் வைத்தார். 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் திமிங்கலச் சுறாவின் வயிற்றில் 300 கருக்குட்டிகள் இருந்தன. ஒரு தாயை வெட்டினால் எத்தனை போகும் என்பதற்கு அதுவே கணக்கு. ஊர் ஊராகத் தெருநாடகம் போட்டார்கள். காற்றடைத்த பெரிய பொம்மைச் சுறாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சில நகரங்கள் அதைத் தங்கள் சின்னமாகவே ஏற்றுக்கொண்டன.

பேச்சோடு நின்றிருந்தால் இந்தக் கதை ஒரு விழா மலரில் முடிந்திருக்கும். திமிங்கலச் சுறா வலைக்குள் சிக்கிவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். படகே ஒரு பக்கமாகச் சாய்கிறது. சுறா புரளப் புரள வலை இன்னும் இறுகுகிறது. அதை உயிரோடு விட ஒரே வழி, கத்தியை எடுத்து வலையை அறுப்பது. அறுப்பது நைலான் நூலை மட்டும் அல்ல, அந்த வாரத்து வருமானத்தையும். பல சமயம் வட்டிக்கு வாங்கிய பணத்தையும். வனத்துறை அறுந்த வலைக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது அதனால்தான் முக்கியம். முதலில் அதிகாரி வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுறாவோ அவ்வளவு நேரம் தாங்காது. பிறகு மீனவர் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். படம் எடு, அறுத்து விடு, படத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள். இந்த ஒரு மாற்றம் சுறா வலைக்குள் தவிக்கும் நேரத்தை வெகுவாகக் குறைத்தது. மீனவர் சொல்லை நம்பியதும் அதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கரையில் இதுவரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் இப்படிக் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. ஒரு காலத்தில் பீப்பாய் கட்டி இழுத்த அதே ஊர்களின் கைகள்தான் அறுத்துவிட்டன.

மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் நேர்மாறாக நடந்தது. உலகின் மிகச் சிறிய கடற்பன்றியான வக்கீட்டா அங்கு மட்டுமே வாழ்கிறது. இன்று பத்துக்கு மேல் இருக்கிறதா என்பதே சந்தேகம். யாரும் அதைப் பிடிக்கப் போவதில்லை. டொட்டோவாபா என்ற மீனின் நெட்டிக்கு, அதாவது காற்றுப்பைக்குச் சீனாவில் கிடைக்கும் கொள்ளை விலைக்காகப் போடும் செவுள் வலையில் சிக்கி, மூச்சு முட்டிச் சாகிறது. அரசு வலையைத் தடைசெய்தது, இழப்பீடு என்றது. அது எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. தன்னார்வக் கப்பல்கள் வலைகளைச் சுருட்டி எடுக்க, மீனவர்கள் கல்லும் பெட்ரோல் குண்டும் வீச, 2020இன் கடைசி நாளில் கப்பலும் படகும் மோதி ஒரு மீனவர் உயிர் போனது. கப்பலில் இருந்தவர்களின் அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊர்க் கையில் கத்தியைக் கொடுத்து வலையை அறுக்கச் சொல்லும் நிலைமையை அங்கே யாரும் உண்டாக்கவில்லை.

நம் கரைக்கு வந்தால், 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவை மடிக்குள் மாட்டினால் வர முடியாது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்று விதி இருக்கிறது. வருகின்றன. அதனால் ஆமை சாகிறது, ஃபைபர் படகில் போகும் சிறு மீனவரின் வலையும் கிழிகிறது. ஆமையும் அவரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. 1988 முதல் சென்னையில் இரவு நடை போகும் மாணவர் அமைப்பு, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, ஏறத்தாழ ஐம்பது நாள் காவல் காத்துக் குஞ்சுகளை விடுகிறது. மணலில் விடிய விடிய நடக்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் துணையாக ஐந்து மைல் விதியைக் காக்கச் சொல்லி எழும் குரல் இன்னும் பலமாக இருக்க வேண்டும். குஞ்சை விடும்போது படம் எடுக்கக் கூடும் கூட்டத்தில் பாதியாவது அதைக் கேட்கலாம்.

இன்னும் கொஞ்சம் தெற்கே, இலங்கையின் மிரிஸ்ஸைக்கும் தேவேந்திரமுனைக்கும் அப்பால், உலகின் மிக நெரிசலான கப்பல் தடங்களில் ஒன்று நீலத் திமிங்கலங்களின் மேய்ச்சல் இடத்துக்கு நடுவே ஓடுகிறது. இங்கே ஈட்டியும் இல்லை, வலையும் இல்லை. கப்பலின் முகப்பில் அடிபட்டுச் சாகின்றன. தடத்தை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 விழுக்காடு குறையும் என்று ருஹுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு அமைப்புகளும் சேர்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பல வருடம் கதவைத் தட்டிய பிறகு, உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022 நடுவிலிருந்து தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பியது. மற்ற நிறுவனங்களுக்கும் அதே வேண்டுகோள் போகிறது. அதிகாரபூர்வத் தடமே மாற வேண்டுமானால், இலங்கை அரசு சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் முன்மொழிவு வைத்தாக வேண்டும். அங்கே திமிங்கலம் பார்க்கப் படகேறும் சுற்றுலாப் பயணிகளில் நம்மவர்களும் உண்டு. திரும்பி வந்ததும் கொழும்புக்கு ஒரு கடிதம், தங்கள் சரக்கை ஏற்றும் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் என்று எழுத அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.