ரெண்டு தடவை கொதித்த காளான்

ஃபின்லாந்தில் மே மாதம் சந்தைக்கு வரும் கோர்வசியேனி காளானைப் பச்சையாகத் தின்றால் ஆளே காலியாகிவிடலாம். பெயருக்கு அர்த்தம் ‘காதுக் காளான்’. எனக்கென்னவோ மூளை மாதிரிதான் தெரிந்தது. அதிலுள்ள ஜைரோமிட்ரின் உடம்புக்குள் போய் மோனோமெத்தில்ஹைட்ரசீனாக மாறும். ராக்கெட் எரிபொருளாகப் பயன்பட்ட அதே சரக்கு!

ஆனாலும் விற்கிறார்கள், கையோடு எச்சரிக்கைக் குறிப்பும் கொடுத்து. ஒரு பங்கு காளானுக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடமாவது கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் கழுவ வேண்டும். மறுபடியும் முதலிலிருந்து அதே வேலை. ஆவியிலும் விஷம் உண்டு என்பதால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வெண்ணெய், வெங்காயம், கிரீம் எல்லாம்.

நண்பர் வீட்டில் தட்டு முன்னால் வந்தபோது “ரெண்டு தடவை கொதிச்சுதா?” என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது. சமைத்தவரிடம் அதை எப்படிக் கேட்பது? கர்ப்பமாக இருந்த அவர் மனைவியின் தட்டில் வெறும் உருளைக்கிழங்கு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது வேண்டாம் என்பது அந்நாட்டு உணவுத்துறையின் அறிவுரை. எவ்வளவு கொதித்தாலும் விஷம் துளியாவது மிஞ்சும். அப்படியென்றால் என் தட்டில்?

நண்பர் ஏற்கெனவே பாதி சாப்பிட்டிருந்தார். நானும் கரண்டியை எடுத்தேன். நல்ல ருசி, சொல்லியே ஆகணும்.