உறைந்த திரையும் உண்மைக் காரணமும்

கணனியின் திரை அசைவற்று உறைந்துவிட்டால் பொறி முழுவதுமே செயலிழந்துவிட்டது எனக் கொள்வது பொது வழக்கம். ஆயின், திரை கணனியின் முகம் மட்டுமே. முகம் உறைந்திருக்க, உள்ளே உயிரோட்டம் தொடர்தல் கூடும். விசைப்பலகையின் 'கப்ஸ் லொக்' விசையை அழுத்துந்தோறும் அதன் சிறுவிளக்கு எரிந்து அணையுமாயின், ஓடிக்கொண்டிருந்த பாடல் தடையின்றி ஒலிக்குமாயின், படம் வரையும் பகுதி மட்டுமே நின்றுபோயிற்று எனப் பெரும்பாலும் துணியலாம்.

படம் வரைதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, வரைகலைச் சில்லு என்னும் வன்பொருள். மற்றையது, பணிசெயல் முறைமையின் கட்டளைகளை அச்சில்லுக்கு உணர்த்தும் இயக்கி என்னும் மென்பொருள். இவற்றுள் எது பிழைப்பினும் திரையிலே தோன்றும் குறி ஒன்றே. இடர்ப்பாடு இங்கேதான் எழுகின்றது. இயக்கியின் வழுவுக்காகப் புதிய அட்டை வாங்கும் மாணவன் பணத்தை இழக்கின்றான். பழுதுற்ற சில்லுக்காக இயக்கியை மீண்டும் மீண்டும் நிறுவுபவன் காலத்தை இழக்கின்றான். சேமிக்கப்படாத ஆய்வேட்டுப் பக்கங்களோ இருவர்க்கும் இல்லாமற் போகின்றன.

2007ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் விஸ்ரா இதற்கு ஒரு வழி கண்டது. சில்லு இரண்டு செக்கன்களுக்குள் மறுமொழி தராவிடின், கணனியை நிறுத்தாது வரைகலைப் பகுதியை மட்டும் அது மீளத் தொடக்கும். திரை கணப்பொழுது இருண்டு மீளும். விளைவு தணிந்ததாயினும் காரணம் மறைந்தே இருந்தது.

2008 யூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணனிகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றின் பொதியமைப்பிலே நலிந்த பொருள் இருந்ததென அறிவித்து, 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை செலவாகும் என்றது. சூடேறுவதும் ஆறுவதும் மாறிமாறி நிகழ, நுண்ணிய இணைப்புக்கள் நலிந்து வெடித்தன. கணனி தொடங்கியவுடனேயே விசிறியைச் சுழலச் செய்யும் மென்பொருளும் பரிகாரங்களுள் ஒன்றாக வழங்கப்பட்டது. அது வெப்பத்தைத் தணிக்கும். வெடித்த இணைப்பை ஒட்டாது. வன்பொருளின் நோய்க்கு மென்பொருள் பெற்றுத்தந்தது தவணை மட்டுமே.

எனவே, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே நன்னெறி. இயக்கியைப் புதுப்பித்த பின்னரே உறைவு தொடங்கிற்றாயின் பழைய இயக்கிக்கு மீளவேண்டும். வெப்பம் ஏறும்போது மட்டும் உறையுமாயின் விசிறியின் தூசியை அகற்றவேண்டும். பணிசெயல் முறைமை தொடங்குமுன்னரே திரையிற் கோடுகளும் கறைகளும் தோன்றுமாயின், அதன் இயக்கி அப்போது விழித்திருப்பதில்லை. ஐயம் வன்பொருளின் மேலேயே செல்லவேண்டும்.

அனைத்தையும் ஒருங்கே மாற்றுபவனின் கணனியும் சிலவேளை சீராகலாம். ஆயின், காரணம் அறியப்படாது நீங்கிய கோளாறு, முன்னறிவிப்பின்றித் திரும்பிவரும் உரிமையைத் தன்னிடமே வைத்திருக்கின்றது.