தீட்சை அல்ல, உரிமை!

கல்லூரியில் முதல் நாள் கால் வைக்கும் மாணவர்க்கென நடத்தப்படும் அறிமுக விழாவுக்கு, பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி ஏட்டில் சூட்டிய பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? ‘தீக்ஷாரம்ப்’! தீட்சையின் தொடக்கம் என்று பொருள். நோக்கத்தில் பழுதில்லை. புதியவர் அச்சம் நீங்க வேண்டும், ஆசிரியரோடு பழக வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் பெயரைப் பாருங்கள்! தீட்சை, குரு மனமிரங்கிக் கொடுப்பது; சீடன் குனிந்து பெறுவது. இன்னாருக்குத் தரலாம், இன்னாருக்குத் தரலாகாது என்று பிறப்பைப் பார்த்துப் பிரித்த காலத்தின் சொல் அது. கல்வி அப்படிக் கிடைத்த பிச்சையா நமக்கு?

இல்லை என்கிறது வரலாறு. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஒரு பெண் படிக்கப் போகிறாள் என்றதும் பழமை பதறிற்று. அந்தப் பெண் முத்துலட்சுமி, பதறியோரைப் பொருட்படுத்தாமல் படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்தார். 1912இல் மருத்துவராக வெளிவந்தார். 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமானார். 1914இல் மயிலாப்பூர்க் கடற்கரையில் மகளிர்க்கென ஒரு கல்லூரி தோன்றிற்று. இராணி மேரிக் கல்லூரி என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். 1951இல், கல்லூரி இடங்களைப் பகிர்ந்தளித்த வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. வாயிற்கதவு தானாகத் திறக்கவில்லை. தட்டித் தட்டித் திறக்கப்பட்டது!

கதவு திறந்துவிட்டது; உள்ளே என்ன நடக்கிறது? நான் கண்டதைக் கூறுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு கல்லூரி. என் தாய் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவர். கடை ஊழியர் அமர இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டம் செய்ததே, அதற்கு முந்திய காலம் அது. நாளெல்லாம் நின்று பழகிய அவர், விழா மண்டபத்திலும் நாற்காலிகள் காலியாக இருக்கச் சுவரோரம் நின்றார். “உட்காரும்மா” என்றேன். “இருக்கட்டும், யாராச்சும் பெரியவங்க வருவாங்க” என்றார். பெரியவர் யார்? அவரைவிடப் பெரியவர் அந்த மண்டபத்தில் யார்?

விழா தொடங்கிற்று. இரண்டு மணி நேரம் ஆங்கிலம் பொழிந்தது. கிரெடிட் என்றனர், எலெக்டிவ் என்றனர், இன்டர்னல் என்றனர். பிறகு ஒவ்வொருவராக எழுந்து பெயர், படித்த பள்ளி, தந்தையின் தொழில் ஆகியவற்றை ஆங்கிலத்தில் கூறச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் அரசுப் பள்ளியில் படித்தவள். அவளுடைய தந்தை இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் அவள் திணறியபோது பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. மேடையில் இருந்தோர் அதைக் கேளாதவர்போல் இருந்தனர்.

சிரிப்பை அவள் மறந்திருப்பாள். ஆனால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதும் அந்த ஆங்கிலப் பொழிவிலேதான் வந்து போயிற்று. அவளுக்குப் புரியவில்லை. நாள் கடந்தது, தொகை கிடைக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் அவள் இருக்கை காலி. விசாரித்தேன், வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

அவள் படிப்பை எந்தச் சாத்திரமும் தடுக்கவில்லை, எந்தச் சனாதனியும் மறிக்கவில்லை. புரியாத மொழியில் வந்த ஓர் அறிவிப்பு தடுத்தது! 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கிற்று. 2024இல் மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. பெருமைதான். ஆனால் திட்டம் எத்தனை வந்தாலும், உரியவர் காதில் உரிய மொழியில் விழாவிட்டால் பயன் என்ன?

இன்று நான் ஓர் ஆசிரியப் பணியாளன். ஆண்டுதோறும், கல்லூரிகள் திறக்குமுன் ஒரு ஞாயிறு மாலை, கல்லூரி செல்லவிருக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகளைப் பெற்றோருடன் அழைத்து உட்கார வைக்கிறேன். கிரெடிட் என்பது பாடத்தின் எடையைக் காட்டும் கணக்கு. இன்டர்னல் என்பது கல்லூரியே இடும் மதிப்பெண். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாமற் போகலாம். ராகிங் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இவற்றைத் தமிழில் கூறுகிறேன். ஒரு மணி நேரம் போதும். பணம் ஒன்றும் செலவில்லை.

கல்லூரிகளை நாம் கேட்பதும் இதுதான்: முதல் நாள் உரை தமிழிலும் இருக்கட்டும். கடைசி நாட்களை அச்சிட்ட தமிழ்த் தாள் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் சேரட்டும். தந்தையின் தொழிலைச் சபையில் கேட்கும் வழக்கம் அன்றோடு ஒழியட்டும்.

இளைஞர்களே! உங்கள் தெருவிலும் கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறை உண்டு. அடுத்த ஜூன் வருமுன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.