மழையில் நின்ற வெற்றியாளர்

விளையாட்டுப் பக்கத்தில் வெளியாகும் படங்களின் ஆயுள் பெரும்பாலும் ஒரு நாள்தான். மறுநாள் அந்தத் தாள் கடையில் பொட்டலம் கட்டப் போய்விடும். 1963 இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் எடுக்கப்பட்ட படமொன்று அதற்கு விதிவிலக்கு. கோல்ப் வீரர் ஒருவர் கொட்டும் மழையில், கட்டடத்துக்கு வெளியே நின்று வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றுக்கொள்கிறார். அவர் பெயர் பப்வா செவ்கோலும். நேட்டால் ஓபன் போட்டியில் வெள்ளை இன வீரர்களைத் தோற்கடித்து முதலிடம் பெற்றவர். எனினும் அவர் இந்திய வம்சாவளியினர். நிறவெறி ஆட்சியில் கழகக் கட்டடத்தினுள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் சமூகத்தில் பிறந்தவர் செவ்கோலும். முதற்கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது என்பதால் அந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. மற்றவர்களின் மட்டைப்பையைச் சுமக்கும் சிறுவனாகவே அவர் கோல்ப் மைதானத்துக்குள் நுழைந்தார். ஆட்டத்தை அவருக்கு முறைப்படி கற்பித்தவர் எவருமில்லை. வலக்கை ஆட்டக்காரர்கள் மட்டையைப் பிடிக்கையில் இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருப்பதே மரபு. செவ்கோலுமோ தலைகீழாகப் பிடித்தார். பயிற்சியாளர் எவரும் திருத்த முனைந்திருக்கக்கூடிய அந்தப் பிடியோடுதான் அவர் உலகத்தை வென்றார்.

அவர் யாருக்காக மட்டைப்பை சுமந்தாரோ, அந்தக் கிரஹம் வுல்ஃப் என்ற தொழிலதிபரே அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959 இல் ஒல்லாந்து ஓபன் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1960 இலும் 1964 இலும் அதே பட்டத்தை மீண்டும் வென்றார். ஒல்லாந்தர் தம் மண்ணில் அவருக்குக் கிண்ணம் வழங்கினர். ஒல்லாந்திலிருந்து சென்று குடியேறியோரின் வழிவந்தவர்கள் ஆண்ட நாட்டிலோ அவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது.

அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வெளியானது. நிறவெறி என்றால் என்னவென்று ஆசிரிய தலையங்கங்கள் பத்தி பத்தியாக விளக்கியதை அது ஒரே பார்வையில் விளக்கியது. 1964 ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாபிரிக்காவுக்கு இடமளிக்கப்படவில்லை. 1970 இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே அந்நாடு வெளியேற்றப்பட்டது. உலகின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பியவற்றுள் அந்தப் படத்துக்கும் பங்குண்டு.

ஆனால், படத்தில் நின்ற மனிதருக்கு என்ன கிடைத்தது? 1965 இல் நேட்டால் ஓபனை அவர் மீண்டும் வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர் கேரி பிளேயர். அதே ஆண்டில் அமெரிக்க ஓபனையும் வென்று, கோல்ப் உலகின் நான்கு பெரும் பட்டங்களையும் பெற்றவராகியவர். அதற்குப் பிறகு தென்னாபிரிக்க அரசு செவ்கோலுமைப் போட்டிகளில் ஆடவிடாமல் தடுத்தது.

தொழில்முறைக் கோல்ப் வீரருக்கு மாதச் சம்பளம் இல்லை. தாங்கிக்கொள்ள அணி இல்லை. ஆடினால்தான் பரிசு, பரிசு கிடைத்தால்தான் அடுப்பெரியும். மைதானத்தைப் பறிப்பது அவருடைய தொழிலையே பறிப்பதாகும். ஆடக்கூடிய வயதை அப்படி இழந்த செவ்கோலும் 1978 இல் காலமானார்.

இன்று டர்பனில் ஒரு கோல்ப் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்லதுதான். ஆயினும் நாங்கள், பத்திரிகைக்காரர்கள், ஒருவரைச் சின்னமாக்கிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். செவ்கோலும் சின்னமாக விரும்பி மட்டையைத் தொட்டவரல்லர். அவர் கோல்ப் ஆட வந்தவர்.